த்ரீ நாட் த்ரீயின் கட்டை

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் என் பட்டறை வாசலில் புல்லட் சத்தம் கேட்காத நாளில்லை. ராயல் என்ஃபீல்டு ஆலை இங்கே 2013-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த வண்டிக்குப் பெயர் வந்ததே துப்பாக்கியால்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, 1893-வாக்கில் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துதரும் வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலையின் பெயரோடு 1895-இல் வந்ததுதான் லீ-என்ஃபீல்டு; நம் போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் போல்ட் துப்பாக்கி.

அதன் இரும்பைப் பற்றிப் பேச ஆளுண்டு. ஆலைகளுக்கு பைன் பலகையில் பேக்கிங் பெட்டி அடிப்பது என் பிழைப்பு. அப்பாவிடம் கற்றதோ தேக்கில் நிலையும் கதவும். என் கண் கட்டைமேல்தான் போகும்.

அந்தக் கட்டை ஒரே துண்டில்லை. தோளில் பதியும் பின்கட்டை தனி, குழலைத் தாங்கும் முன்கட்டை தனி. பின்கட்டையின் நடுவே நீளமாகத் துளைத்து, ஒரு நீள போல்ட்டால் இரும்போடு முறுக்கியிருப்பார்கள். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் அங்கேயே முறியும். ஆளின் உடம்புக்கேற்பப் பின்கட்டையில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று அளவுகளும் இருந்தன. சட்டைக்கு அளவெடுப்பதுபோல் துப்பாக்கிக்கும் அளவு பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

கடினமான வேலை முன்கட்டையில்தான். வெடிக்கும்போது வரும் உதைப்பை வாங்குவது அதன் பின்முனையில் இருக்கும் இரண்டு சிறிய முகங்கள். இரண்டும் இரும்பில் ஒரே சீராகப் படிய வேண்டும். ஒன்று மட்டும் படிந்தால் மொத்த அடியும் அந்தப் பக்கம் இறங்கிக் கட்டை பிளக்கும். இப்படிப்பட்ட பொருத்தத்துக்குத் தச்சர் கை ஒன்றுதான் வழி: இரும்பில் விளக்குக்கரி தடவி, கட்டையில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடி அழுத்திப் பார்ப்பது. அவசரக்காரனுக்கு இந்த வேலை வராது.

வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தத் துப்பாக்கியைச் செய்தது. மழையில் ஊதி, கோடையில் சுருங்கும் மரத்தோடு அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, மேகசினுக்குச் சற்று முன்னால் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. பக்கவாட்டில் விரிந்து பிளக்காமல் அது இறுக்கிப் பிடிக்கும். உலகெங்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதை இச்சாப்பூர் திருகாணி என்றே சொல்கிறார்கள். நம் நாட்டு மரவேலைக்கு இப்படியொரு பெயர் கிடைத்தது சின்ன விஷயமில்லை.

ஆயுதப்படையில் இருந்த என் தாய்மாமா, மழையில் பந்தோபஸ்து முடித்து வந்தால் குழலைத் துடைத்த கையோடு கட்டைக்கும் ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார். “எண்ணெய் குடிச்ச மரம் தண்ணி குடிக்காதுடா” என்பார். முழுக்கத் தடுக்காவிட்டாலும், தண்ணீர் இறங்குவதை அந்த எண்ணெய் மட்டுப்படுத்தும்.

1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூரில் இதே துப்பாக்கியை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அழுத்தம் கூடியதால் எஃகின் தரத்தை உயர்த்த வேண்டியிருந்தது. மேகசினும் புதிதாக வந்தது. கட்டை மட்டும் அதே பழைய வடிவில், குறுக்குத் திருகாணியோடு, புதிய உதைப்பையும் தாங்கியது.