தாவர–விலங்கு வாயுப் பரிமாற்றம்

விலங்குகள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுவதும், பச்சைத் தாவரங்கள் வெளிச்சத்தில் கரியமில வாயுவை ஏற்றுப் பிராணவாயுவை வெளியிடுவதுமாகிய கொடுக்கல் வாங்கல். தாவரங்களும் இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கின்றன; பகலில் ஒளிச்சேர்க்கை அதனை விஞ்சி நிற்பதால் அது வெளியே தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ஒளிச்சேர்க்கையும் கார்பன் டை ஆக்சைடும் இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தொகுப்பு, காபனீரொட்சைட்டு என வழங்கும்.

முதல் முயற்சிகள்: பிளெமிய மருத்துவர் வான் ஹெல்மான்ட் 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் விட்டு வளர்த்தார். மரம் சுமார் 169 ராத்தலாயிற்று. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சு. தண்ணீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின் 1648இல் வெளியான நூலில் இச்சோதனை உள்ளது. வாயுவைக் குறிக்கும் ‘காஸ்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே. கணக்கில் அவர் விட்டதும் வாயுவைத்தான். இலைகள் காற்றிலிருந்தும் உணவு பெறக்கூடும் என்று ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் எழுதினார். நாம் விடும் மூச்சு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் கலங்கச் செய்வதை ஜோசப் பிளாக் காட்டினார்.

பிரீஸ்ட்லியின் புதினா: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் போதகராயிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, தண்ணீரில் கவிழ்த்த கண்ணாடிச் சாடிக்குள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். அடைபட்ட காற்றில் விலங்கு மாய்வதுபோல் செடியும் மாயும் என்பது அவரது எதிர்பார்ப்பு. புதினாவோ மாதக்கணக்கில் வளர்ந்தது. உள்ளேயிருந்த காற்றில் மெழுகுவத்தி அணையவில்லை, எலியும் துன்புறவில்லை. பிறகு சோதனையைத் திருப்பிப் போட்டார். 1771 ஆகஸ்டு 17 அன்று, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் புதினாவை வைத்தார். 27ஆம் நாள் அதே காற்றில் வேறொரு வத்தி நன்றாக எரிந்தது. அந்தக் கோடையிலேயே இதைப் பலமுறை செய்து பார்த்தார். புதினாவின் வாசனைதான் காற்றைத் தூய்மையாக்குகிறதோ என்ற ஐயத்தை நீக்க வேறு செடிகளையும் வைத்தார். அவற்றுள் முந்தி நின்றது பசலைக்கீரை.

கருவிகள் பெரும்பாலும் வீட்டுச் சாமான்களே. குளிர் தாங்காத எலிகளைச் சமையலறை அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்துக் காத்தார். பிடரியைப் பிடித்து, தண்ணீருக்குள்ளாகச் சாடியில் ஏற்றினார். முடிவுகளை 1772இல் வெளியிட்டார். ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. செய்தியறிந்த பெஞ்சமின் பிராங்ளின், வீட்டருகே மரம் இருப்பது உடலுக்குக் கேடு என்று வெட்டும் வழக்கத்துக்கு இது முட்டுக்கட்டையாகும் என நம்பி எழுதினார்.

இத்தனைக்கும் பிராணவாயு அப்போது அறியப்படவில்லை. பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்டு 1 அன்று செந்நிறப் பாதரசச் சாம்பலை உருப்பெருக்கி ஆடியால் சூடாக்கி அதைப் பெற்றார். சுவீடனின் ஷீலே முன்பே பெற்றிருந்தாலும் அவர் நூல் வெளிவந்தது 1777இல். அது என்னவென்று விளங்கிக்கொண்டு பெயரிட்டவர் லவாய்சியே. மூவருள் எவரைக் கண்டுபிடித்தவர் என்பது, கண்டுபிடிப்பு என்று எதைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வெளிச்சத்தின் பங்கு: 1778இல் பிரீஸ்ட்லி சோதனைகளைத் திரும்பச் செய்தபோது செடிகள் சில வேளை காற்றைக் கெடுத்தன. சாடிகள் போதிய வெளிச்சத்தில் இல்லாதது காரணமாகலாம் என்பர். விடை தந்தவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹௌஸ். வியன்னாவில் மரியா தெரேசா பேரரசியின் பிள்ளைகளுக்கு அம்மை குத்திப் புகழ்பெற்ற இவர், 1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கி மூன்று மாதத்துக்குள் 500க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். நீரில் மூழ்கிய இலைகளில் வெயிலில் குமிழிகள் எழுந்தன, நிழலில் நின்றன. வேலை செய்வது வெப்பமன்று, ஒளியே. அதுவும் பச்சைப் பகுதிகளில் மட்டுமே. காற்றின் தரத்தை அவர் எலியைக் கொண்டன்றி வேதிமுறையால் அளந்தார். எலிகளுக்கு இது நல்ல செய்தி.

சாடிச் சுவரில் படிந்த பச்சைப்பொருளிலிருந்து குமிழிகள் வருவதை பிரீஸ்ட்லி முன்பே கண்டிருந்தார். ஆனால் முதலில் அதைத் தாவரமென்று ஏற்கவில்லை. ஒளியின் பங்கைக் கண்டதில் முதன்மை யாருக்கு என்ற பூசலில் ஜெனீவாவின் செனபியேயும் சேர்ந்தார். நூலாசிரியர்கள் பலர் இங்கன்ஹௌஸ் பக்கம் சாய்கின்றனர்.

இரவில் இலைகளும் காற்றைக் கெடுக்கும் என்றும் இங்கன்ஹௌஸ் எழுதினார். புளியமரத்தடியில் இரவில் படுக்கலாகாது என்னும் நம்மூர் வழக்கத்துக்கு இதையே அறிவியல் காரணமாகச் சொல்வோர் உண்டு. திறந்த வெளியில் மரம் விடும் கரியமில வாயுவோ மிகச் சொற்பம்.

பிற்காலம்: இலைக்குக் கரியமில வாயு தேவை என்பதை செனபியே 1782இல் காட்டினார். லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் கினிப்பன்றியை வைத்து, சுவாசம் மெல்லிய எரிதலே என்றனர். செடியின் எடையில் நீருக்கும் பங்குண்டு என்று 1804இல் நிறுவியவர் தெ சொசூர். வெளிவரும் பிராணவாயு தண்ணீரிலிருந்தே பிரிகிறது என்பதற்கு 1941இல் ரூபனும் காமெனும் கனமான ஆக்சிஜனைக் கொண்டு சான்று தந்தனர். கார்பன் சர்க்கரையாகும் வழியைக் கண்டதற்காக கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார். உடனுழைத்த பென்சனுக்குப் பங்கில்லை.

1958 முதல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயு அளக்கப்படுகிறது. தொடக்கத்தில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு; இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, வடகோளக் காடுகள் தழைக்கும் கோடையில் கோடு கீழிறங்குகிறது.