பொறுமை என்று யார் சொல்வது?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான சனம் மலையைச் சுற்றும். அதே ஊரில்தான் டேனிஷ் மிஷன் பள்ளியும் லுத்தரன் கோயிலும் இருக்கின்றன. எங்க ஆயா மலையைச் சுற்றியதில்லை. ஞாயிறு விடிந்தால் சேரியிலிருந்து நடந்தே கோயிலுக்குப் போய்விடும். எழுத்துத் தெரியாது, சங்கீதங்கள் மனப்பாடம். "வுடாம புடிச்சிக்கினு இருக்கணும்டா, அப்பதான் சாமி கிட்ட வரும்" என்று சொல்லும்.

ஆயா சொன்ன அந்தப் பிடிவாதத்தைத்தான் பிரசங்க மேடை 'பொறுமை' என்று மாற்றிவிட்டது. பொறுத்திரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறது. யார், யாரைப் பார்த்துச் சொல்லும் பொறுமை இது?

விடை தேடினால் முந்நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். டேனிஷ் மிஷன் திருவண்ணாமலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1706இல், டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சேறி முடிந்தது. அதில் சில பாகங்கள் தஞ்சை மன்னரின் படையிலிருந்த இராஜநாயக்கன் கைக்குக் கிடைத்தன. பேரில் நாயக்கன் இருந்தாலும் பிறப்பால் பறையர். 1700இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கிடைத்ததை ஓலையில் படியெடுத்து வைத்துக்கொண்டார். பிறகு படையை விட்டு விலகி மிஷனில் உபதேசியார் ஆனார். வெள்ளைப் பாதிரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்தவர் இவர். சபை மாறிய பகையில் தந்தையையே பறிகொடுத்தார்.

1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவானார். அடுத்த குரு யார் என்று பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. ஆனால் 1741இல் குருப்பட்டம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கனிடம் விசுவாசம் குறையா? உழைப்புக் குறையா? இரண்டும் இல்லை. பறையர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் தயங்குவார்கள் என்பதுதான் மிஷனரிகள் சொன்ன காரணம். கிறிஸ்துவின் அப்பத்துக்கும் ரசத்துக்கும்கூடத் தீட்டு!

இராஜநாயக்கன் ஓடிவிடவில்லை. 1771இல் சாகும்வரை ஊழியத்தை விடவுமில்லை. இதைத் 'தாழ்மை' என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கடவுளை நெருங்கியது தன் கையால் எழுதிய ஓலை வழியே. அதை எந்த மிஷனும் கொடுக்கவில்லை. எந்த மிஷனாலும் பறிக்கவும் முடியாது. அவர் கையிலிருந்து வாங்கத் தயங்கியவர்கள்தான் கடவுளிடமிருந்து விலகிப் போனவர்கள். அவருடைய விடாப்பிடியைக் காட்டி அவருக்கு நேர்ந்த அநீதியை மூடக் கூடாது.

இது பழங்கதை அல்ல. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். தலித் கிறித்தவர் இன்னும் வெளியேதான். 2008 மார்ச்சில், எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறித்தவர்களே. எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில், மாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் முதன்முறையாக நுழைந்தது 2023 சனவரி 30 அன்று, போலீஸ் பாதுகாப்போடு. சிலுவை நட்ட வாசலானாலும் சூலம் நட்ட வாசலானாலும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: பொறுமை.

ஆயா வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்க் கோயிலில் சேரிக்காரர்களுக்குக் கிண்ணம் கடைசியில்தான் வரும். ஒரு ஞாயிறு அது முன்பெஞ்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. முணுமுணுத்தார்கள், எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அங்கேயேதான்.

"கோயில வுட்டும் போவல, பெஞ்ச வுட்டும் எழுந்திருக்கல" என்று கடைசிவரை சொல்லிச் சிரித்தது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் எனக்கு அதுதான்.