செனடாப்: உடல் இல்லாத கல்லறை

'செனடாப்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'கெனோஸ்' என்றால் வெற்று; 'தாஃபோஸ்' என்றால் புதைகுழி, கல்லறை. இரண்டும் கூடிய 'கெனோடாஃபியோன்' உள்ளே உடல் இல்லாத கல்லறையைக் குறித்தது. இன்று இச்சொல்லைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் போர் நினைவுச் சின்னமே நினைவுக்கு வரும். சென்னையிலோ அது தேனாம்பேட்டைச் சாலை ஒன்றின் பெயர், அவ்வளவே. ஆனால் சொல்லும் அது குறிக்கும் பொருளும் வேரூன்றியதில் போர்க்களத்தைவிடக் கடலுக்குப் பங்கு அதிகம். தரையில் மாண்டவரின் உடலைத் தேடி எடுக்க வழியுண்டு. கடலில் போனவருக்கு அந்த உறுதி இல்லை.

அடக்கம் செய்யப்படாதவரின் ஆவி மறுமை உலகில் இடம் பெறாது என்பது பண்டைக் கிரேக்கரின் நம்பிக்கை. அதனால் உடல் கிடைக்காவிட்டாலும் அடக்கச் சடங்கைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. ஹோமரின் ஒடிசியில், தந்தை இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் ஊர் திரும்பி அவருக்கு மண்மேடு எழுப்பி ஈமக்கடன் செய்யும்படி நாயகனின் மகன் டெலிமக்கஸுக்கு அறிவுரை கூறப்படுகிறது. சொல் பிறக்கும் முன்பே வழக்கம் இருந்திருக்கிறது.

அதற்குக் கல்லில் சான்று கோர்ஃபு தீவில் உள்ளது. 1843இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட வட்டவடிவக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ கி.மு. 600ஐச் சேர்ந்தது. அதைச் சுற்றி வலமிருந்து இடமாக ஒரே வரியில் செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓயாந்தியா ஊரைச் சேர்ந்த மெனெக்ரடீஸ் என்பவர் கோர்ஃபு மக்களின் நலனைத் தம் ஊரில் கவனித்துவந்தவர். அவர் கடலில் மாண்டார். தாயகத்திலிருந்து வந்த சகோதரரும் கோர்ஃபு மக்களும் சேர்ந்து இதைக் கட்டினர். இவ்வளவும் அந்தக் கல்வெட்டு தரும் செய்தி. பெயர், ஊர், கடலில் இறந்த செய்தி, கட்டியவர் யார் என்ற விவரம் ஆகியவை பின்வந்த 2,600 ஆண்டுகளின் கடலோடி நினைவுக் கற்களிலும் பெரிதும் மாறவில்லை.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் போரில் இறந்தவர்களை அரசு மரியாதையுடன் அடக்கியபோது, பத்துக் குலத்துக்கும் பத்து சைப்ரஸ் மரப்பெட்டிகளோடு, உடல் கிடைக்காதவர்களுக்காக விரிப்பு போர்த்திய வெற்றுப் பாடை ஒன்றும் ஊர்வலத்தில் சென்றதாக துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கருங்கடற்கரையின் கல்பே துறைமுகத்தில் தம் படையினர் இறந்தோரைப் புதைத்ததையும், கிடைக்காதவர்களுக்குப் பெரிய கெனோடாஃபியோன் எழுப்பி மாலை சாத்தியதையும் செனபோன் 'அனபாசிஸ்' நூலில் குறித்திருக்கிறார். வெற்று அடக்கத்தை வைத்து ஒரு நாடகத்தையே நடத்திக் காட்டியவர் யூரிபிடீஸ். கி.மு. 412இல் அரங்கேறிய 'ஹெலன்' நாடகத்தில், எகிப்து மன்னனின் பிடியில் இருக்கும் ஹெலன், கணவர் கடலில் மூழ்கிவிட்டதாகப் பொய் சொல்கிறாள். கடலில் இறந்தவருக்குக் கடலிலேயே வெற்று அடக்கம் செய்வது கிரேக்கர் வழக்கம் என்று கூறிக் கப்பல் கேட்கிறாள். மன்னன் நம்பிக் கொடுத்த கப்பலில், உயிரோடிருக்கும் கணவருடன் தப்பிவிடுகிறாள். பார்வையாளருக்கு நன்கு பழகிய வழக்கமாக இருந்தால்தான் இந்தச் சூழ்ச்சி மேடையில் எடுபடும்.

கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றுவதும் உடல்களை மீட்பதும் எவ்வளவு பெரிய கடமையாகக் கருதப்பட்டன என்பதற்கு கி.மு. 406இல் நடந்த ஆர்கினுசே போரைச் சொல்லலாம். ஏதென்ஸ் கடற்படை வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களில் இருந்தவர்களைப் புயலால் மீட்க முடியவில்லை. வென்ற தளபதிகள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நகருக்குத் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டனர். மக்கள் பின்னர் அதற்காக வருந்தினர் என்பது வேறு.

இலத்தீனில் 'கெனோடாஃபியும்' ஆன சொல் ரோமானியச் சட்டத்தில் ஒரு சுவையான வழக்கைக் கிளப்பியது. உடல் புதைத்த நிலம் புனித நிலம். அதை விற்கக் கூடாது. உடலே இல்லாத கல்லறை நிற்கும் நிலத்தை விற்கலாமா? மார்சியன் என்ற சட்ட அறிஞர் அதுவும் புனிதமே என்றார். அதற்கு அவர் காட்டிய சாட்சி கவிஞர் வெர்ஜில். மற்றொரு சட்ட அறிஞரான அல்பியனோ, மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வெரஸும் இணைந்து ஆண்ட காலத்து அரசாணையைக் காட்டி, அது புனிதமன்று, விற்கலாம் என்றார். கி.பி. 533இல் தொகுக்கப்பட்ட சட்டத் திரட்டில் இரு கருத்தும் அடுத்தடுத்தே இடம்பெற்றுள்ளன. சட்டப்படி அல்பியன் சொன்னதே செல்லும். கடலோரத்துக் குடும்பங்கள் நடந்துகொண்ட விதமோ மார்சியன் பக்கம்தான் நிற்கிறது.

பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. கற்றோர் மட்டும் ஆண்ட சொல் அது. கடலோரத் தேவாலயங்களின் சுவர்களில் நினைவுப் பலகை பதித்தவர்கள் அதைப் பயன்படுத்தியது அரிது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் இருந்தது. அங்கே உடல்கள் ஒதுங்கின, பெயர்கள் தெரியவில்லை. ஒதுங்கியவர் கிறிஸ்தவரா என்பதே ஐயமாக இருந்ததால், கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் கடலோரப் பாறைமேட்டிலேயே குழி வெட்டி மூடுவது வழக்கமாக இருந்தது. 1807 டிசம்பரில் 'ஆன்சன்' என்ற போர்க்கப்பல் லோ பார் மணல்திட்டில் மோதி நூறு பேருக்கு மேல் இறந்தபோதும் அப்படியே நடந்தது. ஊர் மனம் கொதித்தது. ஹெல்ஸ்டன் ஊர் வழக்கறிஞர் தாமஸ் கிரில்ஸ் வரைந்த சட்டம் 1808இல் நிறைவேறியது. கரை ஒதுங்கும் உரிமை கோராத உடல்களை, தேவாலய வட்டாரமான பங்கின் செலவில் கல்லறைத் தோட்டத்தில் அடக்க வேண்டும் என்றும், உடலைக் கண்டு தகவல் சொன்னவருக்கு ஐந்து ஷில்லிங் தர வேண்டும் என்றும் அது விதித்தது. அதே விபத்தைக் கரையில் நின்று பார்த்த ஹென்றி டிரென்க்ரவுஸ், கப்பலுக்கும் கரைக்கும் இடையே கயிற்றைச் செலுத்தும் ராக்கெட் கருவியை உருவாக்கினார்.

அந்தச் சட்டத்தை மனப்பூர்வமாக நிறைவேற்றியவர் மார்வென்ஸ்டோ பங்கின் குரு ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். நாற்பதுக்கும் மேற்பட்ட கடலோடிகளை அவர் தம் தேவாலயத் தோட்டத்தில் அடக்கினார். 1842இல் உடைந்த 'கலிடோனியா' கப்பலின் மாலுமிகள் கிடக்கும் இடத்தில், அக்கப்பலின் முகப்பிலிருந்த வெள்ளைப் பெண்ணுருவமே நினைவுச் சின்னமாக நடப்பட்டது. மழையில் இற்றுப்போன மூலச்சிலை இப்போது தேவாலயத்துக்குள் இருக்கிறது; வெளியே நிற்பது நகல்.

வெற்றுக் கல்லறை என்ற சொல்லையே சுவரில் ஏற்றிய இடம் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட். திமிங்கில வேட்டைக் கப்பல்களின் தலைமைத் துறைமுகமான அங்கே 1832இல் மாலுமிகளுக்கென ஒரு சிற்றாலயம் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் பதிந்துள்ள பளிங்குப் பலகைகள் இன்றும் செனடாப் என்றே அழைக்கப்படுகின்றன. பாய்மரத்திலிருந்து விழுந்தவர், திமிங்கிலத்தில் பாய்ந்த ஈட்டியின் கயிறு இழுத்துப்போனவர் எனச் சாவின் விவரம் ஒளிவின்றிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1841 ஜனவரியில் வேட்டைக் கப்பலேறுமுன் இவ்வூரில் இருந்த ஹெர்மன் மெல்வில், பத்தாண்டு கழித்து 'மோபி டிக்' நாவலில் இச்சிற்றாலயத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். நாவலில் வரும், கப்பலின் முன்பகுதி போன்ற பிரசங்க மேடை அவரது கற்பனை. 1956இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் அதைத் தேடி ஏமாந்ததால், 1961இல் அப்படியொரு மேடையைச் செய்து வைத்துவிட்டார்கள்.

செனடாப் என்ற சொல்லே இல்லாமல் அதன் பொருளை முழுமையாக வைத்திருந்த இடம் பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள உவெசான் தீவு. ஆண்கள் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்தார்கள். நிலத்தைப் பெண்கள் உழுதார்கள். தொலைவில் ஒருவர் இறந்த செய்தி வந்தால், மெழுகால் சிறு சிலுவை ஒன்று செய்வார்கள். அதற்குப் பெயர் 'புரோயெல்லா'. இறந்தவரின் வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் சிலுவையை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உடலைக் காப்பது போலவே இரவெல்லாம் விழித்திருந்து செபிப்பார்கள். மறுநாள் காலையில் குருவானவர் வந்து, சிலுவையை ஊர்வலமாகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் அடக்கத் திருப்பலி நிறைவேற்றுவார். பிறகு அது தேவாலயத்தில் ஒரு பேழையில் இருக்கும். பல சிலுவைகள் சேர்ந்தபின், ஆயரின் வருகை போன்ற தருணத்தில், அவற்றை லம்போல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் சிறு மண்டபத்துக்கு மாற்றுவார்கள். 1868ஆம் ஆண்டைத் தாங்கிய அம்மண்டபத்தின் கல்வெட்டு, போரிலும் நோயிலும் கப்பல் விபத்திலும் தாய்மண்ணுக்கு வெளியே இறந்த கடலோடிகளின் சிலுவைகள் இங்கே வைக்கப்படுகின்றன என்கிறது.

புரோயெல்லா என்ற சொல்லுக்கு இரு விளக்கங்கள் உண்டு. பிரெத்தோன் மொழியில் நாட்டைக் குறிக்கும் 'புரோ'வோடு இணைத்துத் 'தாயகம் திரும்புதல்' என்பது ஒன்று. 'அந்த ஆன்மாவுக்காக' எனப் பொருள்படும் இலத்தீன் செபத் தொடரின் சிதைவு என்பது மற்றொன்று. சடங்கின் போக்கோடு பொருந்துவது முதல் விளக்கமே. தீவின் கடைசிப் புரோயெல்லா 1962இல் நடந்தது.

இப்பகுதித் தீவுக்காரர்கள் பிறர் சாவையும் இதே கண்ணோடுதான் பார்த்தார்கள். 1896 ஜூன் 16 இரவு, தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் திரும்பிய 'டிரமண்ட் காசில்' கப்பல் உவெசானுக்கும் மொலேன் தீவுக்கும் அருகே பாறையில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 240 பேர் இறந்தனர், பிழைத்தவர் மூவர். ஒதுங்கிய அந்நியர் உடல்களுக்கு மொலேன் மக்கள் தம் நல்ல உடைகளை உடுத்தி அடக்கம் செய்தனர். நன்றிக்கடனாக இங்கிலாந்திலிருந்து மொலேன் தேவாலயத்துக்குக் கடிகாரமும் உவெசான் தேவாலயத்துக்குக் கோபுரமும் கிடைத்தன. பிரெத்தோன் கரையின் புளூபஸ்லானெக் கல்லறைத் தோட்டத்தில் வேறொரு முறை. 1852 முதல் 1935 வரை ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத ஏறத்தாழ 2,000 பேருக்காகச் சுவர் ஒன்று நிற்கிறது. அதில் கப்பல்களின் பெயர்களோடு, ஆளும் சரக்குமாக அழிந்தது என்ற குறிப்பும் திரும்பத் திரும்ப வருகிறது.

மீட்கப் போனவர்களே மாண்டதற்கான சின்னங்களில் இங்கிலாந்தின் ரை ஹார்பர் தனித்து நிற்கிறது. 1928 நவம்பர் 15 அன்று, தத்தளித்த 'ஆலிஸ்' கப்பலை நோக்கி 'மேரி ஸ்டான்ஃபோர்ட்' உயிர்காப்புப் படகு 17 பேருடன் புறப்பட்டது. 'ஆலிஸ்' கப்பலில் இருந்தவர்களை வேறொரு கப்பல் ஏற்கெனவே மீட்டுவிட்டது. திரும்பும்படி கரையிலிருந்து காட்டிய ஒளிக்குறி புயலில் படகோட்டிகளின் கண்ணில் படவில்லை. 17 பேரும் இறந்தனர். ஒருவர் உடல் கிடைக்கவே இல்லை. தேவாலயத் தோட்டத்துப் பொதுக் கல்லறையின் மேல் கல்லாலான உயிர்காப்புப் படகோட்டி ஒருவர் நிற்கிறார். அங்கே கிடக்கும் தோழர்களுக்கு அது கல்லறை, வராதவருக்கு செனடாப்.

சொல் தடம் மாறியது 1919இல். முதல் உலகப்போர் முடிந்த வெற்றி அணிவகுப்புக்காக லண்டன் வைட்ஹாலில் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகத் தூண் ஒன்றை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் அதற்கு செனடாப் என்று பெயரிட்டார். மக்கள் அதை விடவில்லை. 1920 நவம்பர் 11 அன்று அதுவே போர்ட்லாண்ட் கல்லில் நிலைபெற்றது. அதன்பின் பேரரசின் நகரந்தோறும் செனடாப்கள் முளைத்தன. கொழும்பில் காலிமுகத் திடலுக்காக லட்யன்ஸ் வடிவமைத்தது இன்று விகாரமகாதேவி பூங்காவில் உள்ளது. சென்னைச் சாலையின் பெயர் இதற்கெல்லாம் மூத்தது. கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தால் வந்தது. 1805இல் இறந்த அவர் காசிப்பூரில் புதைக்கப்பட்டதால் சொல் சென்னை மண்டபத்துக்குச் சரியாகவே பொருந்துகிறது. வைட்ஹாலுக்குப் பிறகோ, உள்ளே எதுவும் இல்லை என்ற முதற்பொருள் மங்கி, அரசு மலர்வளையம் வைக்கும் இடம் என்பதே பொருளாகிவிட்டது.

லண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பல் ஊழியர்களுக்காக 1928இல் எழுந்த நினைவு மண்டபமும் லட்யன்ஸ் வடிவமைத்ததே. கடலன்றி வேறு கல்லறை இல்லாத ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. முதல் போரில் கடலில் மறைந்த பிரிவுபடாத இந்தியாவின் 2,000க்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கு மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்திலும், இரண்டாம் போரில் மறைந்த ஏறத்தாழ 6,500 பேருக்கு மும்பையிலும் சட்டோகிராமிலும் நினைவிடம் உண்டு. இவற்றில் எதுவும் செனடாப் என்று அழைக்கப்படுவதில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய வைட்ஹால் தூணைவிட, கிரேக்கர் வகுத்த பொருளுக்கு நெருங்கி நிற்பவை இவையே.