உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் ஊர்ப்பொதுப்பணி

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் இன்று வட்டத் தலைமையிடமாக விளங்கும் ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நெல்வயல்களைக் கொண்ட இச்சிற்றூர் குடவோலைத் தேர்தலால் நாடறிந்ததாயிற்று. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் நரேந்திர மோதி இவ்வூர்க் கல்வெட்டைச் சுட்டிப் பேசினார். ஆயினும், தேர்ந்தெடுக்கும் முறைக்குக் கிடைத்த கவனம், தேர்ந்தெடுக்கப்பட்டோர் செய்த பணிக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஊர்ப்பொது வசதிகளைப் பேணுதல் என்னும் நோக்கில் இக்கல்வெட்டுகளை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் ஏரியும்

பல்லவர் காலத்தில், கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பிரமதேயமாக அமைந்த இவ்வூர் காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. இவ்வூரின் வாழ்வாதாரம் வயிரமேக தடாகம் என்னும் பேரேரி. வடகிழக்குப் பருவமழையின் நீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடுவதே அதன் பயன். மழைநீருடன் வண்டலும் வந்து சேரும். அதனை ஆண்டுதோறும் அகற்றாவிடின் கொள்ளளவு குறையும், கரை நலியும். இதனை உணர்ந்தே ஏரியின் வண்டலை அகற்றிக் கரையில் இடுவதற்கெனப் பொருள் அறக்கட்டளையாக வைக்கப்பட்டதைப் பல்லவர் காலக் கல்வெட்டுகளால் அறியமுடிகிறது. ஏரி வெட்டியது ஒருமுறை. அதைக் காத்தது ஒவ்வோர் ஆண்டும் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

வாரியங்கள்

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், சபை செய்த இரு தீர்மானங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதியைத் திருத்தி விரிவுபடுத்தியது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்குத் தனியே ஓலை எடுக்கப்பட்டது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணியாற்றியோரும், கல்வியிலும் அகவையிலும் மூத்தோருமே சம்வத்சர வாரியத்திற்கு உரியவராயினர். நிலத்தையும் நீரையும் பேணிப் பெற்ற பட்டறிவு உயர்பொறுப்புக்குத் தகுதியாகக் கொள்ளப்பட்டது என்பது இதனால் விளங்கும். பணிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் அப்பொழுதே நீக்கப்பட்டார்.

கணக்கும் பொறுப்பும்

வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர். அவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்கெழுதுவோருக்கும் இதே கண்டிப்பு இருந்தது. தாம் எழுதிய கணக்கைத் தாமே சபைப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் எனப்பட்ட பின்னரே ஒருவர் மீண்டும் கணக்கெழுதலாம். அவருடைய கணக்கை முடிக்க வேறொரு கணக்கர் புகுதல் ஆகாது. ஓலையைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்ற விதியும் இந்த ஐயப்பாட்டின் விளைவே. மனிதரை நம்பி மட்டும் பொதுச்சொத்தை ஒப்படைக்கலாகாது என்பதைச் சபை நன்கு அறிந்திருந்தது எனலாம்.

வரம்புகள்

இதனை இன்றைய பொருளில் மக்களாட்சி எனல் பொருந்தாது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவையும் உடையவரே 921ஆம் ஆண்டு விதிப்படித் தகுதி பெற்றனர். வேதமும் பாடியமும் வல்லார்க்கு நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டதேயன்றி, பெண்டிருக்கும் நிலமற்றோருக்கும் அங்கு இடமில்லை. ஏரியில் வண்டல் சுமந்த கைகளுக்குக் குடத்தில் ஓலை இல்லை. இவ்வுண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

முடிவுரை

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் உள்ளாட்சியில் இடஒதுக்கீடு அளித்து அக்குறையைப் பெருமளவு நீக்கின. ஆனால், ஏரி வாரியம் காத்த பேரேரி இன்று ஊராட்சியின் கையில் இல்லை; மாநில அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. வாக்குரிமை விரிந்த காலத்தில், தம் நீர்நிலையின் மீது ஊராருக்கிருந்த நேரடிப் பொறுப்பு சுருங்கிற்று. ஆகவே, உத்திரமேரூரைத் தேர்தலின் சான்றாக மட்டும் கொள்வது அக்கல்வெட்டின் பாதியைப் படிப்பதாகும். பொதுவசதியைப் பேணியவர் தம் கணக்கை ஊரறியக் காட்ட வேண்டும் என்னும் மறுபாதியும் ஆய்வாளரால் எடுத்துரைக்கப்பட வேண்டும்.