ஓப்பல்: ஒரு கல்லின் ராசியும் அவப்பெயரும்

கினிகத்தேனைக்குத் தெற்கே, சிவனொளிபாத மலைக்கு அப்பால் இரத்தினபுரி. நீலம், வைடூரியம், புஷ்பராகம் என அங்கு அரித்தெடுக்கப்படும் கற்களின் பெயர்கள் மலையகத்தாருக்குப் பழக்கமானவை. அந்த வரிசையில் ஓப்பலுக்கு இடமில்லை. ஆயினும் சுக்கிரனுக்கு வைரம் வாங்க இயலாதவருக்கு ஓப்பல் மோதிரத்தைப் பரிந்துரைக்கும் சோதிடர்கள் உண்டு. கொழுந்து பறித்துச் சேர்த்த பணமும் அதில் போகக்கூடும் என்பதாலேயே இக்கல்லின் கதையை எழுத முற்பட்டேன்.

கல்லைக் குறிக்கும் 'உபல' என்ற வடசொல்லே கிரேக்கம், இலத்தீன் வழியாக ஓப்பல் ஆயிற்று என்பர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவே இதன் தாயகம் என எழுதினார். உரோமர் அணிந்தவை இன்றைய சுலோவாக்கியாவின் மலைகளிலிருந்து சென்றிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. நோனியஸ் என்ற செனட்டர், தம் ஓப்பலை மார்க் அன்ரனிக்குக் கொடுக்க மனமின்றி, சொத்து முழுவதையும் கைவிட்டு அந்த மோதிரத்துடன் மட்டும் நாட்டைவிட்டு ஓடினாராம். இதுவும் பிளினி சொன்னதே. கண்ணாடியில் செய்த போலியைப் பிரித்தறிவது கடினம் என்றும் அவர் எச்சரித்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் அவ்வெச்சரிக்கைக்கு வயதாகவில்லை!

ராசியற்ற கல் என்ற பழி பெரிதும் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1829இல் வால்டர் ஸ்கொட் வெளியிட்ட நாவலொன்றில், பெண்ணொருத்தி கூந்தலில் சூடிய ஓப்பல் மீது புனித நீர் பட்டதும் அதன் ஒளி மங்குகிறது. மறுநாள் அவளே இல்லை. அதன்பின் ஐரோப்பாவில் ஓப்பல் வணிகம் படுத்துவிட்டதாகச் சொல்வர். விக்டோரியா மகாராணியார் விரும்பி அணிந்தமையும், 1890களில் அவுஸ்திரேலியச் சுரங்கங்களிலிருந்து வந்த கற்களும் அதைத் தூக்கி நிறுத்தின. கதாசிரியர் அளித்த அவப்பெயருக்கும் சோதிடர் அளிக்கும் ராசிக்கும் ஆதாரம் ஒன்றேபோல்தான் எனக்குத் தோன்றுகிறது.

அதன் வண்ண ஜாலத்துக்கு ஆதாரம் 1964இல் கிடைத்தது. அவுஸ்திரேலிய விஞ்ஞானி சாண்டர்ஸ் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவ்வடுக்கே ஒளியைப் பிரிக்கிறது. கல்லுக்குள் நீரும் உண்டு. கடும் வெப்பத்தில் அது வறண்டால் கல் வெடிக்கும். ஆகவே அடுப்பங்கரையில் கழற்றி வைப்பதே நன்று. 2008 முதல் சந்தைக்கு வந்த எத்தியோப்பியாவின் வொல்லோ கற்கள் நீரை உறிஞ்சி நிறமிழக்கும். உலர்ந்தால் நிறம் மீளும். எண்ணெயும் மஞ்சளும் ஏறினால் கறை நிற்கக்கூடும். எண்ணெய்க் குளியலுக்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். வாங்கும்போது கல்லின் பக்கவாட்டையும் பாருங்கள். நேர்கோடாய் ஒட்டுத் தெரிந்தால் அது மெல்லிய ஓப்பலை வேறொரு கல்லில் ஒட்டியது. நீரில் ஊறினால் பசை விட்டுப்போகும்.