பூட்டை நம்பிய கதை: எஸ்.எஸ்.டி. குறியாக்கம் கற்பித்த பாடம்

2006 மே 3 ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீடு உடைக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தில் பணியாற்றிய ஊழியர் ஒருவரின் வீடு அது. களவுபோன மடிக்கணினியிலும் வெளிப்புற வட்டிலும் சுமார் 26.5 மில்லியன் பேரின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியவை எவரும் வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தன. ஜூன் மாத இறுதியில் இரண்டும் மீட்கப்பட்டன. தகவல்களை எவரும் பார்வையிட்டதற்கான தடயம் இல்லை என்று புலனாய்வாளர்கள் கூறினர். இருந்தும், இது தொடர்பான வழக்கை முடித்துவைக்க 2009 இல் அரசாங்கம் 20 மில்லியன் டொலர் வழங்க இணங்கவேண்டியதாயிற்று.

திருட்டு நடந்து இரு மாதங்களுக்குள், வெளியே எடுத்துச் செல்லப்படும் கணினிகளின் தகவல்களைக் குறியாக்கம் செய்யவேண்டும் என்று வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் திணைக்களங்களுக்குப் பணித்தது. வட்டில் எழுதப்படும் அனைத்தையும் திறவுகோல் இல்லாதவருக்குப் பொருளற்றதாக மாற்றிவைக்கும் முழுவட்டுக் குறியாக்கம் அவ்வேளையில் புதுமையல்ல. ட்ரூகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் 2004 முதலே புழக்கத்தில் இருந்தது. 2007 இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் சில பதிப்புகளில் பிட்லொக்கர் இடம்பெற்றது.

அந்த வேளையில்தான் வட்டின் இயல்பே மாறத் தொடங்கியது. சுழலும் தட்டுகளின் இடத்தை எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்கள் பிடித்துக்கொண்டன. இவற்றின் நினைவுக் கலங்களில் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே எழுதமுடியும். எனவே, தேய்மானம் ஓரிடத்தில் குவியாதவாறு, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துகளை இடம்மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் அழித்துவிட்டதாக நினைக்கும் கோப்பின் பழைய பிரதி வேறொரு மூலையில் உயிரோடிருக்கக்கூடும். தனிக் கோப்புகளை அழிக்கக் கையாளப்பட்ட மென்பொருள் வழிகள் எவையும் எஸ்.எஸ்.டி.களில் பலனளிக்கவில்லை என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2011 இல் அறிவித்தனர். ஆகவே, முதல் எழுத்து பதியப்படும் முன்னரே குறியாக்கம் செய்துவிடுவதே பாதுகாப்பானது என்றாகியது.

அந்தப் பொறுப்பை வட்டு உற்பத்தியாளர்கள் தாமாகவே முன்வந்து ஏற்றனர். வட்டே தன்னைக் குறியாக்கம் செய்துகொள்வதற்கான ஓபல் என்னும் பொதுத்தரம் 2009 இல் வெளியானது. கணினியின் வேகம் குறையாது என்பது அதன் கவர்ச்சி. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 இல், தகுதியான வட்டு 'குறியாக்கத்தை நானே செய்வேன்' என்றால் பிட்லொக்கர் ஒதுங்கிக்கொண்டது. சாதாரண பயனாளருக்கு இந்தக் கைமாற்றம் தெரியவரவில்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கார்லோ மெயர், பெர்னார்ட் வன் காஸ்டல் ஆகிய இருவரும். குருசியல், சாம்சங் நிறுவனங்களின் சில வட்டுகளைப் பிரித்து, அவற்றின் உள்மென்பொருளை ஆராய்ந்து, 2018 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். தகவலைக் காக்கும் திறவுகோல் கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் திறவுகோலே கிடைக்கக்கூடாது. ஆனால் சில வட்டுகளில் கடவுச்சொல் வாயிற்காவலனின் கேள்வியாக மட்டுமே இருந்தது. காவலனை அப்புறப்படுத்தினால், அதாவது சரிபார்க்கும் கட்டளையை மாற்றினால், கதவு தானாகத் திறந்துகொண்டது. இன்னொரு வட்டில் தொழிற்சாலை இட்ட தலைமைக் கடவுச்சொல் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது.

குறியாக்கக் கணிதத்தில் எந்தப் பிழையும் இருக்கவில்லை என்பதே இதில் கவனிக்கவேண்டியது. உலகம் ஏற்றுக்கொண்ட ஏ.ஈ.எஸ். முறையே அவ்வட்டுகளில் இயங்கியது. பூட்டு உறுதியானது, திறவுகோலை வைத்த இடம்தான் பிழை.

உற்பத்தியாளர்களுக்கு நெதர்லாந்தின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் 2018 ஏப்ரலிலேயே தகவல் தெரிவித்திருந்தது. திருத்தத்துக்கு அரை ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்த பின்னரே ஆய்வாளர்கள் பகிரங்கப்படுத்தினர். 2019 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் தன் போக்கை மாற்றியது. விண்டோஸ் 10 இல் புதிதாகக் குறியாக்கம் செய்யப்படும் வட்டுகளுக்கு, வட்டு என்ன சொன்னாலும், மென்பொருளே அப்பணியைச் செய்யும் என்றாகியது. இன்டெல் 2010 முதல் தன் சில்லுகளில் ஏ.ஈ.எஸ். கணக்கீட்டுக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்துவந்ததால், வேகம் குறையும் என்ற பழைய வாதமும் வலுவிழந்திருந்தது.

ஆனால் அம்மாற்றம் ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்ட வட்டுகளைத் தொடவில்லை. அவற்றில் பிட்லொக்கரை முழுமையாக நீக்கிவிட்டு, மென்பொருள் வழியைத் தெரிவுசெய்து மீண்டும் இயக்கவேண்டியது பயனாளரின் பொறுப்பாக விடப்பட்டது. பழைய மடிக்கணினியில் நோயாளரின் கோப்புகளையோ, கட்சிக்காரரின் ஆவணங்களையோ, பெயர் வெளியிட விரும்பாத செய்தி மூலங்களையோ வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல.

இரகசிய எழுத்து முறையொன்றின் பாதுகாப்பு அதன் அமைப்பை மறைத்துவைப்பதில் தங்கியிருக்கக்கூடாது, திறவுகோலில் மட்டுமே தங்கியிருக்கவேண்டும் என்று 1883 இல் எழுதியவர் ஒகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ். அவரும் நெதர்லாந்தில் பிறந்தவரே. மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கின்றது என்பதை உற்பத்தியாளரின் வாய்மொழியால் மாத்திரம் அறிந்துகொண்ட உலகம், அவரது கூற்றின் பெறுமதியை 135 ஆண்டுகள் கழித்து மறுபடியும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. பரிசோதிக்க இடம்தராத பாதுகாப்பு, பாதுகாப்பு என்ற சொல்லைத் தவிர வேறெதையும் தருவதில்லை.