திருக்கழுக்குன்றம் வட்டாரக் காடும் ஊராரின் உரிமையும்

1. எல்லை

திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து மாமல்லபுரம் கரைவரை எஞ்சியிருப்பது புதரும் குறுமரமும் அடர்ந்த காடு. காசான், உலக்கைப் பாலை, வீரை போன்றவை அதன் மரங்கள். மர வியாபாரிக்கு இதில் பெரிய ஆதாயமில்லை; விறகு, மேய்ச்சல், மூலிகை, பாம்பு என்று பார்ப்பவருக்கே இதன் அருமை தெரியும். அப்படிப்பட்டவர்கள் கையில் தங்கள் உரிமைக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

2. பழைய சான்று

ஊராருக்கு எழுத்தில் உரிமை கிடைத்ததற்குப் பழைய சான்று இதே செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். அதன் ஏரி சுமார் 30 ஹெக்டேர். நீர்க்கடம்புகளில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் கௌல் எனும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பயனும் பத்திரமும் ஒரே கையில் இருந்ததால்தான் காவல் நிலைத்தது என்பது என் கணிப்பு. பறவைப்பாசம் மட்டும் அதற்குப் போதாது.

3. இருளர்

3.1 நஞ்சு

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றது. பாம்பு பிடித்து வாழ்ந்த பழங்குடியினரான இருளரின் பிழைப்பும் போனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978-ல் வடநெம்மேலியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போனது. பாம்பு உயிரோடிருந்தால்தான் வருமானம். வயலில் எலியும் கட்டுப்படும். ஆனால் எத்தனை பிடிக்கலாம் என்பதை அரசு உரிமமே தீர்மானிக்கிறது. உரிமம் தாமதமானால் அடுப்பு எரியாது.

3.2 மூலிகை

செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்களின் நலச்சங்கம் நாற்றங்காலும் மூலிகைத் தோட்டமும் வளர்க்கிறது. பெண்களின் காட்டறிவு கூலியாகக் கரையாமல் வருமானமாவது இங்கே காணக்கிடைக்கிறது.

4. வனக்குழு

1882 சென்னை வனச்சட்டத்துக்கு மறு ஆண்டே, கிராமங்களுக்குத் தனிக் காடு வேண்டும் என்றார் ஆங்கிலேய அரசின் வனத்துறைத் தலைவராக இருந்த டீட்ரிக் பிராண்டிஸ்.  நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1990-ல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மையை அறிவித்தது. 1997 முதல் ஜப்பான் கடனுதவியில் நடந்த தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. தடுப்பணை, நடவு, கூலி எல்லாம் வந்தன. ஆனால் உறுப்பினர் செயலர் வனத்துறை அலுவலர், நிலமும் துறையுடையது. திட்டப்பணம் தீர்ந்ததும் ஊருக்குக் குழுவில் என்ன அக்கறை மிஞ்சும்?

5. 2006 சட்டம்

வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தருகிறது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் பல ஆண்டுகள் தடைபட்டது. இவ்வட்டார இருளருக்கு இன்னொரு சிக்கல்: பலர் குடியிருப்பது காட்டுக்குள் அல்ல, ஏரிக்கரையிலும் வயலோரப் புறம்போக்கிலும். வசிப்பிடத்தைக் கொண்டு அளந்தால் அவர்கள் வெளியாட்கள். தலைமுறைப் புழக்கத்தைக் கொண்டு அளந்தால் அவர்களைவிட உள்ளாட்கள் இல்லை. முதியவர்களின் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க விதிகள் இடமளிக்கின்றன. கோரிக்கையை முதலில் பரிசீலிக்க வேண்டியது கிராம சபை. அந்தச் சபையிலோ இருளர் சிறுபான்மை.